பாய்லரை மாற்றும் முன் திரும்பி வரும் குழாயைப் பாருங்கள்

பிரிட்டனில் குளிர் தொடங்கியதும் ஒவ்வோர் ஆண்டும் காதில் விழும் பேச்சு இது: "கீழே ஹால் கொதிக்கிறது, மாடியில் பின்னறை மட்டும் சூடாகவே மாட்டேன் என்கிறது. பாய்லருக்கு வயதாகிவிட்டது, பெரிதாக ஒன்று போட வேண்டும்." ஈஸ்ட் ஹாமின் விக்டோரியா காலத்து டெரஸ் வீடானாலும் சரி, ஹாரோவில் 1930-களில் கட்டிய செமி வீடானாலும் சரி, பேச்சு மாறுவதில்லை. ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழித்துப் புது பாய்லர் வருகிறது. பின்னறை அப்படியேதான் இருக்கிறது. இது என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் பாய்லர் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரியதாகவே இருக்கும். குறை பாய்லரிலிருந்து ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்பும் தண்ணீரில் இருக்கும்: அது எந்த வழியாக ஓடுகிறது, எவ்வளவு சூட்டோடு திரும்பி வருகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்பதில்.

கணக்கைப் பார்த்தால் புரியும். சேமிப்புத் தொட்டி இல்லாமல் ரேடியேட்டர் சூட்டையும் குழாய் வெந்நீரையும் ஒன்றாகவே தரும் காம்பி பாய்லர்கள் 24 கிலோவாட், 30 கிலோவாட் என்று விற்கப்படுவது அறைகளுக்காக அல்ல, குழாயில் வரும் வெந்நீருக்காக. ஓடும் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த வேண்டுமென்றால், 24 கிலோவாட் கொடுத்தாலும் நிமிடத்துக்கு 10 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு ஷவருக்கு அது சரி. ஆனால் மேற்கூரையில் இன்சுலேஷனும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களும் உள்ள மூன்று படுக்கையறை வீட்டைக் கடுங்குளிர் நாளில் 20 டிகிரியில் வைத்திருக்க 6 முதல் 8 கிலோவாட் போதும் என்பதே வழக்கமாக வரும் கணக்கு. அந்த வீட்டில் 30 கிலோவாட் பாய்லர் இருந்தும் பின்னறை குளிர்கிறது என்றால், இன்னும் பெரிய பாய்லர் அங்கே எதைச் சரிசெய்துவிடப் போகிறது?

திரும்பும் சூடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள் பொதுவாக கண்டென்சிங் வகையாக இருந்தாக வேண்டும். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்த ஆவி புகைக்குழாய் வழியாக வெளியே போய்விட்டால், எரிவாயுவின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். அதைப் பாய்லருக்குள்ளேயே தண்ணீராகக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்வதுதான் கண்டென்சிங் பாய்லரின் வேலை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுப் பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிடக் குறையக் குறைய லாபம் கூடும். திரும்பும் தண்ணீர் 60, 65 டிகிரியில் வந்தால் ஆவி அப்படியே வெளியேறுகிறது. பெயர்தான் கண்டென்சிங், அந்த வேலை நடப்பதில்லை.

குளிரும் பின்னறையும் எகிறும் கேஸ் பில்லும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்பது இங்கேதான் தெரியவரும். பாய்லருக்கு அருகிலுள்ள ஹால் ரேடியேட்டரின் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தடை குறைந்த பாதையைத்தான் தேடும். பம்பு தள்ளும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஒரே ரேடியேட்டருக்குள் புகுந்து, சூட்டை இறக்கிவைக்க நேரமில்லாமல், 70-ல் நுழைந்து 64-ல் வெளியேறி பாய்லருக்கு ஓடிவிடுகிறது. கடைசியில் இருக்கும் பின்னறைக்குத் தண்ணீரே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பாய்லரோ, திரும்பும் தண்ணீர் இவ்வளவு சூடாக வருவதால் வீடு முழுக்கச் சூடாகிவிட்டதாகக் கொண்டு அணைந்துவிடுகிறது. சில நிமிடங்களில் மறுபடி எரிகிறது, மறுபடி அணைகிறது. இப்படி நாள் முழுக்க அணைந்து அணைந்து எரிவதால் எரிவாயுவும் வீணாகும், உள்ளே இருக்கும் பாகங்களும் சீக்கிரம் தேயும். இந்த இடத்தில் பெரிய பாய்லரை வைத்தால் இன்னும் வேகமாக அணையும்; வேறொன்றும் நடக்காது.

இதற்கு மருந்து ரேடியேட்டர்களைச் சமன்படுத்துவது. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்றில் எண்கள் போட்ட தலை. அது தெர்மோஸ்டாட் வால்வு, சுருக்கமாக டி.ஆர்.வி. மறுமுனையில் வெறும் பிளாஸ்டிக் மூடி போட்டது லாக்‌ஷீல்டு வால்வு. அந்த மூடியைப் பெரும்பாலானோர் கழற்றியே பார்த்திருக்க மாட்டார்கள். எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கு பிரிப்பது அதுதான். சுவருக்கு வண்ணம் பூச ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது லாக்‌ஷீல்டை முழுக்கத் திறந்துவிட்டுப் போவது சர்வசாதாரணம். அன்றோடு வீட்டின் சமநிலை போய்விடும்.

செய்யும் முறை இது. ஹீட்டிங் ஓடாமல் எல்லாம் குளிர்ந்து கிடக்கும் நேரத்தில் தொடங்குங்கள். எல்லா டி.ஆர்.வி.களையும் உச்ச எண்ணில் வைத்து, எல்லா லாக்‌ஷீல்டுகளையும் முழுக்கத் திறந்துவிட்டு, ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது, எது கடைசி என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சூடானதன் லாக்‌ஷீல்டை முழுக்க மூடிவிட்டுக் கால் சுற்று மட்டும் திறங்கள். அடுத்ததை அரைச் சுற்று, அதற்கடுத்ததை முக்கால் சுற்று என்று போய், கடைசி ரேடியேட்டரை முழுக்கத் திறந்தே விடுங்கள். இது தொடக்கம்தான். பிறகு ஒவ்வொன்றிலும் தண்ணீர் நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் அளந்து, வித்தியாசம் எல்லா ரேடியேட்டர்களிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை சிறிது சிறிதாகத் திருக வேண்டும். பழைய பாய்லர் காலத்தில் 11 டிகிரி வித்தியாசத்தைக் குறியாக வைத்தார்கள். கண்டென்சிங் பாய்லருக்கு 15 முதல் 20 டிகிரி நல்லது. வித்தியாசம் குறைவாக இருந்தால் இன்னும் மூடுங்கள். கூடுதலாக இருந்தால் திறங்கள். ஒவ்வொரு முறை திருகிய பின்னும் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஒரு ரேடியேட்டரைக் குறைத்தால் மற்றவற்றுக்குத் தண்ணீர் கூடும் என்பதால் ஒரே சுற்றில் முடிந்துவிடாது. அரைநாள் ஒதுக்குங்கள்.

அளப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் செம்புக் குழாயின் மேலோ குரோமிய வால்வின் மேலோ காட்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளிவிடுவது குறைவு. குழாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் காட்டி அளக்க வேண்டும். குழாயில் கவ்வும் வெப்பமானி இரண்டு கிடைத்தால் வேலை இன்னும் எளிது. முடிந்ததும் எந்த வால்வு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று எழுதி பாய்லர் அருகே ஒட்டிவையுங்கள். அடுத்த முறை யாராவது ரேடியேட்டரைக் கழற்றினால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

எவ்வளவு சூடு தேவை?

பல பாய்லர்கள் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 70, 75, சில 80 டிகிரியில் அனுப்பும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணைக் குறைக்கச் சொன்னால் "வீடு குளிருமே" என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். கணக்கிட்டுப் பார்ப்பது மேல். 60 செ.மீ. உயரமும் 1 மீட்டர் நீளமும் கொண்ட டைப் 22 ரேடியேட்டர், அதாவது இரண்டு பலகையும் நடுவே இரண்டு வரிசை மடிப்புத் தகடும் கொண்டது, ஏறத்தாழ 1,750 வாட் தரும் என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த எண் தண்ணீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது வருவது. 55-ல் போய் 45-ல் திரும்பினால் சராசரி 50, அறை 20, வித்தியாசம் 30 டிகிரி. அப்போது அதே ரேடியேட்டர் தருவது பாதிக்குச் சற்று மேல், சுமார் 900 வாட்.

அந்த அறைக்கு வெளியே மைனஸ் 2 டிகிரி இருக்கும்போது 1,500 வாட் தேவை என்று கொள்வோம். 900 போதாது. ஆனால் லண்டனில் மைனஸ் 2 என்பது குளிர்காலத்தின் சில இரவுகள்தான். வெளியே 7 டிகிரி இருக்கும் சாதாரண நாளில் உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் 22-லிருந்து 13 டிகிரியாகிறது; வெப்ப இழப்பும் அதே விகிதத்தில் குறைந்து 890 வாட் அளவில் நிற்கும். ஆக, குளிர்காலத்தின் பெரும்பகுதிக்கு 55 டிகிரி தண்ணீரே அந்த அறைக்குப் போதும். கடுங்குளிர் வந்தால் 65-க்கோ 70-க்கோ ஏற்றிக்கொண்டு, தணிந்ததும் இறக்கிவிடலாம். வெளியே ஒரு உணரியைப் பொருத்தினால் பாய்லர் தானே இப்படி ஏற்றி இறக்கிக்கொள்ளும். அந்த வசதி இருந்தும் பொருத்தாமல் விடப்பட்ட பாய்லர்கள் ஏராளம். இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், புதிதாகப் போடும் அல்லது முழுக்க மாற்றும் ரேடியேட்டர் அமைப்புகளை, இயன்றவரை, அதிகபட்சம் 55 டிகிரி தண்ணீருக்கு ஏற்றபடி வடிவமைக்க வேண்டும் என்று கட்டட விதிகளே சொல்கின்றன. பின்னாளில், வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ சூட்டை எடுத்துத் தரும் ஹீட் பம்புக்கு மாற நினைப்பவர்களுக்கும் இதுவே ஆயத்தம்.

சூட்டைக் குறைத்தால் அறை சூடாக நேரம் கூடும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று விரட்டி எரிக்கும் பழக்கத்தை விட்டு, முன்கூட்டியே தொடங்கி மெதுவாக ஓடவிட வேண்டும். ஓர் எச்சரிக்கையும் முக்கியம். காம்பி பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட திருகும் குழாய்ப் படம் போட்ட திருகும் தனித்தனி. முதலாவதை மட்டும் குறையுங்கள். வெந்நீரைச் சேமிக்கும் சிலிண்டர் உள்ள வீட்டில் பெரும்பாலும் ஒரே சூட்டுத் தண்ணீர்தான் இரண்டுக்கும் போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் 60 டிகிரியைத் தொடாவிட்டால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர இடமுண்டு. அதனால் அங்கே 65-க்குக் கீழே இறக்காதீர்கள்.

புது ரேடியேட்டர் போடும்போது

அந்த அறைக்கு ரேடியேட்டர் உண்மையாகவே சிறியதென்றால் நீளத்தைக் கூட்ட வேண்டியதில்லை. ஒற்றைப் பலகையுள்ள டைப் 11-ஐ எடுத்துவிட்டு அதே நீளத்தில் டைப் 22 வைத்தாலே வெப்பம் ஒன்றே முக்கால் மடங்கு அளவுக்குக் கூடும். குழாய்களைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்காது. சுவரிலிருந்து முன்னால் துருத்தும் என்பதால் குழாய் தரையிலிருந்து எழும் இடத்தை அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஒரு மீட்டர் டைப் 22 காலியாகவே 30 கிலோவுக்கு மேல் கனக்கும். ஜிப்சம் பலகைச் சுவரென்றால் உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் பிராக்கெட் அடிக்க வேண்டும். தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள்; கீழிருந்து காற்று ஏறினால்தான் தகடுகளுக்கு வேலை.

ஒழுக்கு பெரும்பாலும் வருவது வால்வின் வால்பகுதி ரேடியேட்டருக்குள் திருகும் அரை அங்குல மரையில். டெஃப்லான் டேப்பை மரை திருகும் திசையிலேயே, இழுத்துப் பிடித்து, 15 சுற்றாவது சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். திருகிய பிறகு சரியாக நிற்கவில்லையென்று பின்னோக்கித் திருப்பக் கூடாது. கழற்றிப் புதிதாகச் சுற்றுவதே வழி. குழாயோடு சேரும் இடத்தில் பித்தளை வளையத்தை நட்டு நசுக்கிப் பிடிக்கிறது. அங்கே டேப் தேவையில்லை. கையால் இறுக்கிய பின் ஸ்பேனரால் ஏறத்தாழ ஒரு சுற்று போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் குழாயின் வாய் நசுங்கி அங்கேதான் ஒழுகும். பழைய டி.ஆர்.வி.யில் அம்புக்குறி இருந்தால் அதைப் பார்த்துத் தண்ணீர் நுழையும் பக்கம் வையுங்கள். மாற்றி வைத்தால் வால்வு மூடும் நேரத்தில் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். தரைப்பலகைக்குக் கீழே டிக் டிக்கென்று கேட்பது வேறு: செம்புக் குழாய் 60 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 1 மி.மீ. நீளும், மரத்தில் இறுக்கமாகப் பதிந்திருந்தால் உரசும். அந்த இடத்தில் ஃபெல்ட் துண்டு செருகினால் அடங்கும்.

டி.ஆர்.வி.யின் தலையைத் திரைச்சீலையாலோ காயப்போட்ட துணியாலோ மூடிவிட்டால், அது தன்னைச் சுற்றியுள்ள சூட்டையே அறையின் சூடென்று எடுத்துக்கொண்டு மூடிவிடும். சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் டி.ஆர்.வி.யை முழுக்கத் திறந்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும்.

கறுப்புத் தண்ணீர்

ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே வாயு நிற்கிறது. நடுவில் அடிப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் சேறு படிந்திருக்கிறது. ஒரு ரேடியேட்டர் மட்டும் முற்றிலும் குளிர்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டி.ஆர்.வி. ஊசியை. கோடை முழுக்க அசையாமல் இருந்து ஒட்டிக்கொள்ளும். தலையைக் கையால் திருகிக் கழற்றினால் ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் அழுத்தினால் சில மி.மீ. உள்ளே போய்த் தானே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மெதுவாகப் பக்கவாட்டில் தட்டுங்கள். குறடால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்தால் பின்னால் தண்ணீரும் வரும்.

காற்று எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஒரே ரேடியேட்டரில் வாரந்தோறும் எடுக்க வேண்டியிருந்தால் அது காற்றாக இருக்க வாய்ப்பு குறைவு. எஃகு உள்ளிருந்து துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. கூடவே மேக்னடைட் எனப்படும் கறுப்புத் துரு பொடியாகி அடியில் சேறாகப் படிகிறது. ஹைட்ரஜன் பற்றி எரியக்கூடியது, அருகே நெருப்பு வேண்டாம். எங்கோ சிறிது ஒழுகுவதால் அடிக்கடி புதுத் தண்ணீர் ஏற்றும் வீடுகளில் இது வேகமாக நடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. இதைத் தடுக்கத்தான் இன்ஹிபிட்டர் என்ற மருந்து. உதாரணமாக ஃபெர்னாக்ஸ் எஃப்1-இன் 500 மி.லி. புட்டி சுமார் 100 லிட்டர் கொண்ட அமைப்புக்குப் போதும். துருப்பொடியைப் பிடித்துவைக்கும் காந்த ஃபில்டர் இருந்தால் அதன் வழியாகவே ஊற்றலாம். பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 7593-இன் 2019 பதிப்பு, பாய்லர் பொருத்தும்போது அமைப்பைக் கழுவ வேண்டும், ஃபில்டர் வைக்க வேண்டும், மருந்தின் அளவை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி ஊற்ற வேண்டும் அல்லது தண்ணீரை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய வழி: ரேடியேட்டர் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் குழாய்த் தண்ணீரை இன்னொன்றிலும் எடுத்து, இரண்டிலும் துருவில்லாத இரும்பு ஆணியைப் போட்டுச் சில நாள் விடுங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் கிடந்த ஆணியும் துருப்பிடித்தால் மருந்து தீர்ந்துவிட்டது.

அழுத்த மானி சொல்வது

பாய்லரின் அழுத்த மானி, தண்ணீர் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு), சூடானதும் 2 பாருக்கு அருகே காட்டினால் சரி. குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடானதும் 3 பாரை நோக்கி ஏறினால் தண்ணீர் விரிய இடம் தரும் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற காற்றுக்கலத்தில் காற்று போய்விட்டது. 100 லிட்டர் தண்ணீர் 10-லிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது 3 லிட்டர் அளவுக்கு விரியும். அந்த விரிவை வாங்கிக்கொள்ள அங்கே காற்று வேண்டும். இல்லையென்றால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவரில் இருக்கும் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டும். ஒருமுறை திறந்த வால்வு பல சமயம் சரியாக மூடாது. பிறகு குளிர்ந்த நிலையில் அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு இறங்கும், வீட்டுக்காரர் தண்ணீர் ஏற்றுவார், அந்தப் புதுத் தண்ணீர் துருவைக் கூட்டும். தண்ணீர் ஏற்றும் நெகிழ்குழாயை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். ஹீட்டிங் ஓடாதபோதும் அழுத்தம் தானே ஏறினால், தண்ணீர் ஏற்றும் வால்வு கசிகிறது அல்லது காம்பியின் உள்ளே குழாய் வெந்நீரைச் சூடாக்கும் தகட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது.

ரேடியேட்டர், வால்வு, மருந்து வரை வீட்டுக்காரர் தொடலாம். பாய்லரின் மூடியைத் திறப்பதும் எரிவாயு வேலையும், எரிவாயு வேலைக்காரர்களின் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவு பெற்றவருக்கு மட்டுமே உரியவை. அவருடைய கேஸ் சேஃப் அட்டையின் பின்புறத்தில் அவருக்கு எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று எழுதியிருக்கும், வாங்கிப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பாய்லரை மாற்றத்தான் வேண்டுமென்றால், வருபவரிடம் எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டாரா? பாய்லர் மிகக் குறைவாக எரியும்போது எத்தனை கிலோவாட் தரும்? இளங்குளிர் நாளில் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும் என்னும்போது 6-க்குக் கீழே இறங்காத பாய்லர் அணைந்து அணைந்துதான் எரியும். கழுவுவதும் மருந்தும் ஃபில்டரும் விலையில் சேர்ந்தவையா? ரேடியேட்டர்களைச் சமன்படுத்தித் தருவாரா, தண்ணீர் எத்தனை டிகிரியில் போய் எத்தனை டிகிரியில் திரும்புகிறது என்று பாய்லர் பொருத்தியதைப் பதிவுசெய்யும் பென்ச்மார்க் படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுவாரா? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.